வெயில் குடித்த கேன்கள்

மே 3, சனி

கார்த்தீஸ்வரி திருப்பூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "எழுதும்மா, எழுதும்மா" என்கிறாள். மனதில் கிடப்பதை நோட்டில் எழுதினால் பாரம் இறங்குமாம். அவள் கம்பெனிக்கு வந்த ஒரு மேடம் சொன்னார்களாம். என் மனதில் இப்போதைக்கு உளுந்து ஊறப் போட்டது ஒன்றுதான் கிடக்கிறது. மகள் சொல்கிறாள், எழுதிவிட்டுப் போவோம். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

இந்த டைரி அவருக்குத் தண்ணி கேன் கம்பெனியில் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள், வருஷா வருஷம் ஒரு எழுத்து இல்லாமல் பரணுக்குப் போகும். அவர் என்றால் செண்பகராஜ், என் வீட்டுக்காரர். பதினாறு வருஷம் கேன் போட்டார். போன பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஒரு வீட்டு மூன்றாவது மாடிக்குக் கேனைத் தோளில் வைத்து ஏறியவர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கேனைப் பக்கத்தில் பத்திரமாக இறக்கி வைத்திருந்தார். அந்த வீட்டம்மா மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தார்கள். நன்றாக அழுதார்கள். வாசல் தாண்டும்போது, "இனிமே கேனுக்கு யாரைக் கூப்பிடணும்மா?" என்றார்கள். நம்பர் எழுதிக் கொடுத்தேன். தண்ணி இல்லாமல் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

அன்று காலையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகத்தான் போனார்.

இன்று சாயங்காலம் காசிராஜன் அண்ணாச்சி வந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், நண்பர்கள் நற்பணி மன்றத்துத் தலைவர். அடுத்த தடவை கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார் என்று ஊரே சொல்கிறது, அவர் மட்டும் இல்லை இல்லை என்கிறார்.

"தங்கச்சி, நாளைக்குக் கத்திரி ஆரம்பிக்கி. மன்றத்து சார்பா தண்ணிப் பந்தல் போடுறோம். செண்பகராஜ் நினைவா. அவன் ஊருக்கே தண்ணி சொமந்தவன்லா. நீதான் வந்து தொறந்து வைக்கணும்."

சரி அண்ணாச்சி என்றேன். அவர் போன பிறகு கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். கண்ணில் உளுந்துத் தண்ணி தெறித்துவிட்டது.


மே 4, ஞாயிறு

பந்தல் திறந்தாயிற்று.

பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு நேர் எதிரே, மேற்கு பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நாலு சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று. நேற்று முன்பக்கமும் கீற்றுத் தட்டி கட்டியிருந்ததாம். ஃப்ளெக்ஸ் வந்ததும் தட்டி மறைக்கிறது என்று அவிழ்த்துவிட்டார்கள். மேல்கூரையிலும் முன்பாதியைப் பிரித்துவிட்டார்கள். நிழல் விழுந்தால் போட்டோவில் ஃப்ளெக்ஸ் கறுப்பாகத் தெரியுமாம். ஆக, தண்ணிப் பந்தலில் தண்ணிக்கு இடம் இருக்கிறது, பந்தல்தான் இல்லை.

அந்த ஃப்ளெக்ஸை எழுத வேண்டும். ஒரு லாரித் தார்ப்பாய் அளவு. அதில் அண்ணாச்சி கதவு உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மன்றத்துக்காரர்கள் பதினாலு பேர் வரிசையாகப் புளியங்கொட்டை மாதிரி. ஓரத்தில், என் இரண்டு கையை விரித்தால் வருகிற அளவில் இவர். லைசென்ஸ் போட்டோ. அதில் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்றே சட்டைக் காலரில் பித்தான் போட மாட்டேன், இறுக்குகிறது என்றவர். கீழே "உழைப்பால் உயர்ந்த உத்தமர்" என்று எழுதியிருக்கிறது. உயர்ந்தார்தான். இரண்டாவது மாடி வரைக்கும் உயர்ந்தார்.

கேன் மட்டும் முப்பது. ஒரே நாளில் முப்பது கேன் யார் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "போட்டோவுக்கு நிக்கும்லா தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கி, அதன் முன்னால் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, ஒரு பெரியவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் குடித்து முடித்துவிட்டார், படம் சரியாக விழவில்லை. இன்னொரு டம்ளர். அப்புறம் இன்னொன்று. "எம்மா, பஸ்ஸுல ஏறணும், வயிறு தாங்காது" என்று அந்த மனுஷன் கும்பிட்டார்.

தர்பூசணி பத்து நிமிஷத்தில் காலி. மோர் மன்றத்துக்காரர்களோடு காலி. முப்பது கேனும் அப்படியே நின்றது.


மே 5, திங்கள்

இட்லி மாவு எல்லாம் விற்றுப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவில்லை.


மே 6, செவ்வாய்

வெங்காயம் வாங்கப் போனேன். பந்தல் வழியாகத்தான் போக வேண்டும். மார்க்கெட்டுக்கு வேறு வழியும் இருக்கிறது, சுற்று.


மே 7, புதன்

பூண்டு வாங்கப் போனேன்.


மே 8, வியாழன்

பந்தலுக்குப் பக்கத்தில் சுடலைவடிவு பூ விற்கிறாள். பக்கத்துக் கட்டடத்து மாடிப்படி நிழலில் கூடையை வைத்து, பூ மேல் ஈரத்துணி போட்டு, அதன் மேல் வாழை இலை போட்டு, மணிக்கொரு தரம் தண்ணி தெளிப்பாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"யக்கா, நேத்து பூண்டு, முந்தாநாள் வெங்காயம். இன்னிக்கு என்ன, இஞ்சியா?"

"புளி" என்றேன்.

"வாங்குங்க வாங்குங்க. நம்ம அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. கோட்டுதான் வேர்க்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. வெட்கமாகவும் இருந்தது.

மணி இரண்டு இருக்கும். வெயில் மேற்கே சாய்ந்து நேராகப் பந்தலுக்குள் அடித்தது. சும்மா ஒரு கேன் மேல் கையை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன், தோசைக்கல் மாதிரி. குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். டீத்தூள் போட்டிருந்தால் டீ. வாயில் புதுப் பிளாஸ்டிக் வாளியின் வாடை.

இவர் வண்டியில் கேன் ஏற்றினால் மேலே நனைத்த சாக்கு போடுவார். கடைக்காரர்கள் வாசலில் வெயிலில் அடுக்கச் சொன்னால் சண்டை போடுவார். "கடையில சரக்கு இருக்குன்னு ஊருக்குத் தெரியணும்யா" என்பார்கள். "ஊருக்குத் தெரியும், தண்ணிக்கும் தெரியும்" என்பார் இவர். நாள் கணக்கில் காய்ந்த கேனை மூக்கிலே கண்டுபிடிப்பார். மூடி ஓரத்தை மோந்துவிட்டு, "இது வெயில் குடிச்ச கேன்" என்று தனியே வைப்பார். கம்பெனியில் அவருக்கு மோப்பம் செண்பகராஜ் என்று பட்டப்பேர். அவரைக் கேலி பண்ணத்தான். அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

நிழலில் பூ இருக்கிறது. வெயிலில் தண்ணி இருக்கிறது. பூவை யாரும் குடிக்கப்போவதில்லை.


மே 10, சனி

அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். கேனெல்லாம் வெயிலில் காய்கிறது, முன்பக்கத் தட்டியைக் கட்டச் சொல்லுங்கள் என்றேன்.

"கம்பெனி சீலு இருக்குலா தங்கச்சி? சீலு இருந்தா ஒண்ணும் ஆகாது."

"சீலு வெயிலத் தடுக்குமா அண்ணாச்சி?"

"சரி, தட்டியக் கட்டினா ஃப்ளெக்ஸ் எங்க கட்ட? பஸ்ஸுல இருந்து பாத்தா தெரியணும்லா. உன் மாப்பிள்ளை மொகம் மறைஞ்சா உனக்குச் சம்மதமா, சொல்லு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும். வியாபாரி, எந்த இடத்தில் கை வைத்தால் ஆள் வாயை மூடும் என்று தெரியாதா.

"வேணும்னா அந்த முப்பதயும் உள்ள தள்ளி வையுங்களேன்."

"தள்ளி வெச்சா வெளிய இருந்து பாக்கக் காலியாத் தெரியுமே."

வந்துவிட்டேன். வழியில் பந்தலில் நின்றேன். கால் வலித்தது, அதற்காக.


மே 12, திங்கள்

போஸ்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம் சார் தினம் காலையில் பந்தலுக்கு வந்துவிடுவார். பேப்பர் படிப்பார், வாட்ஸப் படிப்பார், படித்ததை எல்லோருக்கும் சொல்வார். நான் சுடலைவடிவிடம் கேனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றினார். பந்தலில் பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும் திரும்பினார்கள்.

"ஏம்மா, சூரிய ஒளி கிருமிநாசினி. வெளிநாட்டுல பாட்டில்ல தண்ணிய வெயில்ல வெச்சுத்தான் குடிக்கான். ஆதாரம் இருக்கு. இந்தா, வீடியோ."

"எந்த நாட்டுல சார்?"

"அது... ஒரு நாட்டுல."

"அந்த நாட்டுல இப்படி ஒம்பது நாளு காயப்போடுவாங்களா?"

"நல்லதுக்கு நாள் கணக்கு உண்டா? நான் தெனம் இதத்தான் குடிக்கேன். பாரு, எழுவத்தி ரெண்டு வயசு. கல்லு மாதிரி."

ஒரு டம்ளர் பிடித்துக் கடகடவென்று குடித்துக் காட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். படித்தவர் குடிக்கிறார், இட்லி மாவு விற்கிறவள் வேண்டாம் என்கிறாள். யார் பேச்சை எடுப்பார்கள்.


மே 14, புதன்

கேனில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று போனேன். மேற்குப் பக்கம் அடுக்கிய கேன்களில் காகிதம் வெளுத்துப் போய் ஒரு எழுத்துத் தெரியவில்லை. பின்வரிசையில் ஒன்றில் பொடி எழுத்து தெரிந்தது, அதுவும் இங்கிலீஷ். போட்டோ எடுத்துக் கார்த்தீஸ்வரிக்கு அனுப்பினேன். அவள் போன் பண்ணி வாசித்தாள்.

"நேரடி வெயில் படாம, குளுமையான எடத்துல, சுத்தமா வைக்கணும்னு போட்டிருக்கும்மா."

வெயிலில் வைக்காதே என்ற எழுத்தை வெயிலே முதலில் அழித்துவிட்டது. அண்ணாச்சியைவிடக் கெட்டிக்கார வெயில்.

"நீ ஏம்மா தெனம் அங்க போற?" என்றாள்.

"மார்க்கெட்டுக்குப் போறேன்."

"தெனமுமா?"

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.


மே 15, வியாழன்

முதல் நாள் வைத்த இரண்டு மண்பானையில் ஒன்று உடைந்துவிட்டது, ஒன்றைக் காணோம். இப்போது குழாய் மாட்டிய கேன்தான். ஒன்று முடிந்தால் அடுத்ததில் குழாயை மாட்டிவிடுகிறார்கள். குழாயை யாரும் கழுவுவதில்லை. தெரிகிற கேன் தெரியட்டும் என்று பின்னால் இருந்து எடுக்கிறார்கள். முன்வரிசையை இன்னும் யாரும் தொடவில்லை.

சிமெண்ட் வேலைக்குப் போகிற நாலு பெண்கள் வந்தார்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி ஃப்ளெக்ஸைப் பார்த்து, "புண்ணியவான், யாரு பெத்த புள்ளையோ. நல்லா இருக்கட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணாச்சியைப் பார்த்து இல்லை. இவரைப் பார்த்து.

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தூசி.


மே 16, வெள்ளி

இன்றைக்குக் குழாய் மாட்டியிருக்கிற கேன் அரைவாசி கிடக்கிறது. அடியில், மூலையில், லேசாகப் பச்சை. விரலால் வெளியே தடவிப் பார்த்தேன். வெளியே இல்லை, உள்ளே.

அதைக் கழற்றிச் சாக்கடையில் சாய்த்தேன். மன்றத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "என்னக்கா, தண்ணியக் கொட்டுறீங்க! பாவம்லா!"

பாவம்தான். தண்ணி கொட்டினால் பாவம், கொடுத்தால் புண்ணியம். பச்சைத் தண்ணி கொடுத்தால் என்ன என்று எந்தச் சாமியும் சொல்லி வைக்கவில்லை.


மே 17, சனி

வயிறு சரியில்லை. மாவு ஆட்டவில்லை.

நான் தினம் அங்கே இரண்டு டம்ளர் குடிக்கிறேன். தாகம் என்று இல்லை. இவர் பேர் போட்ட தண்ணி. கெடுதல் இருந்தால் முதலில் நமக்குத் தெரியட்டும். கார்த்தீஸ்வரியிடம் சொல்லவில்லை. கத்துவாள்.


மே 19, திங்கள்

தேவசகாயம் சார் நேற்று மத்தியானத்திலிருந்து கக்கூசிலேயே குடியிருந்தாராம். வாந்தியும் போக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, பாட்டில் ஏற்றுகிறார்கள். கல்லு மாதிரி மனுஷன்.

பந்தலில் அண்ணாச்சியும் மன்றத்துக்காரர்களும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும், "சாருக்கு வயசாயிட்டு தங்கச்சி. கத்திரிச் சூடு" என்றார் ஒருத்தர். "பிரியாணி தின்னாராம்" என்றார் ஒருத்தர். அண்ணாச்சி டம்ளரில் பிடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்: "ஒண்ணுமில்ல. வாய்வு."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். அன்று காலையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யாரைப் பயந்து என்று தெரியவில்லை.

சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சீனி, நெஞ்சுல என்னமோ அடைச்சாப்புல இருக்கு. இந்தக் கை ஒரு மாதிரி இழுக்கு." நான் அடுப்படியில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. "ராத்திரி நாலு புரோட்டா தின்னா அடைக்காம? வாய்வு" என்றேன். ஓமத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். எனக்காக ஒரு ஏப்பம் விட்டுக் காட்டினார். "பாரு, சரியாப் போச்சு" என்றார். போனார்.

எழுதிவிட்டேன். பாரம் ஒன்றும் இறங்கவில்லை. கார்த்தீஸ்வரியின் மேடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.


மே 20, செவ்வாய்

காலை பஸ்ஸில் உணவு பாதுகாப்பு ஆபீசுக்குப் போனேன். எங்கே இருக்கிறது என்று ஆறு பேரிடம் கேட்டேன். ஆறு பேரும் ஆறு பக்கம் காட்டினார்கள். கடைசியில் ரேஷன் கடை மாடியில் இருந்தது. ஷர்மிளா மேடம், சின்ன வயசு, என் மகளைவிட நாலு வயசு கூட இருக்கலாம். மின்விசிறி இல்லாத மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னார்கள். எல்லாம் சொன்னேன். பச்சையைச் சொன்னேன், வாடையைச் சொன்னேன், சாரைச் சொன்னேன்.

"அம்மா, மொதல்ல பயப்படாதீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வெயில்ல இருந்துட்டா தண்ணி விஷம் ஆகிடாது. ஆனா வாரக்கணக்கா சூட்டுல கெடந்தா பிளாஸ்டிக்ல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா தண்ணில எறங்கும். அந்த வாடையே அதுதான். அதுவும் சீல் ஒடச்ச கேன்னா, வெளிச்சமும் சூடும் சேந்து பாசி புடிக்கும், கிருமி பெருகும்."

"வெயில் கிருமியக் கொல்லும்னு சார் சொன்னாரே?"

"அதுவும் பொய் இல்லம்மா. சின்னப் பாட்டில், தெளிவான தண்ணி, ஒரு பகல் முழுக்க நல்ல வெயில். வேற வழியே இல்லாத எடத்துல செய்வாங்க. அதுக்குன்னு இருவது லிட்டர் கேனை ரெண்டு வாரத்துக்கு மேல வெச்சா அதென்ன, வடகமா?"

எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

"சாருக்கு இந்தத் தண்ணியாலதான் ஆச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. எடுத்துச் சோதிக்கணும். நான் நாளான்னிக்கு வர்றேன். புகார்னு எழுதிக் குடுக்கறீங்களா? யார் வெச்ச பந்தல்?"

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பந்தலின் பெயர் என்று ஒரு கோடு போட்டிருந்தது. அதில் செண்பகராஜ் என்று என் கையால் எழுதினேன்.


மே 22, வியாழன்

மேடம் ஒரு உதவியாளரோடு வந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பி போல வெயில். கேனைத் தொட்டார்கள், கையை உதறினார்கள். சோதனைக்குத் தண்ணி எடுத்தார்கள். குழாய் மாட்டிய கேனைக் கழற்றி அடியைக் காட்டினார்கள். அண்ணாச்சி ஓடி வந்தார், பின்னால் பதினாலு புளியங்கொட்டையும்.

"மேடம், இது சேவை. யாவாரம் இல்ல."

"சேவைன்னா வயிறு தாங்கிக்குமா சார்? இருக்கற கேன் எல்லாத்தையும் இன்னிக்கே எடுங்க. இனிமே நிழல்ல வைங்க. கூரையையும் மேக்கால தட்டியையும் கட்டிட்டு, அன்னன்னிக்கு வேணுங்கறத மட்டும் கொண்டாங்க."

அவர்கள் போனதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். ரோடே கேட்கிற குரல்.

"யாரு புகார் குடுத்ததுன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. உன் மாப்பிள்ளை பேருல ஊரே தண்ணி குடிச்சுது. நீயே அவன் பேரக் கெடுத்துட்ட. செத்தவனுக்குச் செய்யிற மரியாதையா இது?"

சுடலைவடிவு பூ கட்டுவதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸைப் பார்க்கவில்லை.

"தட்டியக் கட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

"கட்டினா ஃப்ளெக்ஸ் மறையும். ஃப்ளெக்ஸ் இல்லாத பந்தல் எனக்கு எதுக்கு? அவன் மொகத்த எறக்கிடலாமா? நீ சொல்லு, இப்பவே எறக்குறேன்."

அந்த இடத்தில்தான் போன தடவை வாயை மூடினேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். தலையைத் தூக்கி ஒரு தடவை இவரைப் பார்த்தேன். பத்தொன்பது நாளாக வெங்காயம், பூண்டு, புளி, இஞ்சி, மல்லி, சீரகம் என்று நான் வாங்கி வந்ததெல்லாம் வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கிடக்கிறது.

"எறக்குங்க" என்றேன்.

அவர் இறக்கவில்லை. வாய்ப்பேச்சுதான். "பட்டது போதும், நீயே நடத்திக்க" என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஒரு வண்டி வந்து கேன்களை அள்ளிக்கொண்டு போனது.

சுடலைவடிவின் பூ வெட்டுகிற கத்தரியை வாங்கினேன். பெஞ்சு மேல் ஏறினேன். "யக்கா, விழுந்துராதீங்க" என்று அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கயிறு நாலு. நாலாவது கயிறு அறுந்ததும் அண்ணாச்சி, பதினாலு பேர், இவர் எல்லோரும் ஒரே சத்தத்தில் கீழே வந்தார்கள்.


மே 23, வெள்ளி

ஃப்ளெக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுவரில் சாத்தினால் சுவரைவிடப் பெரிசு. தரையில் விரித்தால் மிதிக்க வேண்டும். மடித்தால் முகத்தில் மடிப்பு விழுகிறது. கார்த்தீஸ்வரி, "அப்பா படத்த மட்டும் வெட்டி எடுத்து வெச்சுக்கோம்மா" என்றாள். கத்தரியை வைத்துப் பார்த்தேன். வெட்ட வரவில்லை.

அவளிடம் பிப்ரவரி பதினொன்று காலையைச் சொன்னேன். ஓமத்தண்ணி வரைக்கும் சொன்னேன். 

"எனக்கும் முந்தின நாள் போன் பண்ணி, தோள் வலிக்குன்னாரும்மா" என்றாள். "தைலம் தேயிங்கப்பான்னேன்."

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவள், "உனக்கு வயித்துக்கு எப்படி இருக்கு?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். சுடலைவடிவு அத்தை சொன்னாள் என்றாள். கத்தினாள். கத்தட்டும்.


மே 25, ஞாயிறு

காலையில் சுடலைவடிவும் நானும் பந்தலைக் கட்டினோம். மேல்கூரைக்குக் கீற்றுக் கிடைத்தது. மேற்குப் பக்கத் தட்டிக்குக் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்குள் வெயில் வந்துவிடும். மாவுக் காசில் வாங்கின கேன் ஒன்று வந்து நிற்கிறது.

வீட்டுக்குப் போய் ஃப்ளெக்ஸை எடுத்து வந்தேன்.

வெள்ளைப் பக்கம் ரோட்டைப் பார்க்க, படம் உள்பக்கம் பார்க்க, மேற்கே இரண்டு கம்புக்கு நடுவில் இழுத்துக் கட்டினோம். நீளம் கூடுதல். எந்தப் பக்கத்தை மடிக்க என்று சுடலைவடிவு கேட்டாள். காட்டினேன். அண்ணாச்சியும் பதினாலு பேரும் மடிப்புக்குள் போனார்கள். இவர் மட்டும் மிச்சம்.

ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் துணி. பேர் இல்லை, முகம் இல்லை. பஸ்ஸிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு மணிக்குக் கேனில் கையை வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன். சுடவில்லை.


மே 28, புதன்

கத்திரி முடிகிறது என்று காலண்டரில் போட்டிருக்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தேவசகாயம் சார் தடி ஊன்றி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மேடத்தின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை, அதனால் சார் இன்னும் பிரியாணி என்றே சொல்கிறார். ஆனால் குடிப்பதற்கு முன்னால் கேனின் அடியைக் குனிந்து பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், "கண்ணாடி விழுந்துட்டு" என்றார்.

மத்தியானம் ஒரு லாரி டிரைவர் வந்தார். வெளியூர். வியர்த்து ஊற்றியது. வெள்ளைத் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாருக்கா இந்தப் பந்தல் போட்டது? ஒரு போர்டக் கூடக் காணோம்?"

"எங்க வீட்டுக்காரரு."

"ஆள எங்க?"

"உள்ள இருக்காரு. வெயில்ல வெளிய வர மாட்டாரு. நீங்க வாங்க, வந்து குடிங்க."

தலையைக் குனிந்து உள்ளே வந்தார். நான் டம்ளரைக் கழுவினேன்.